கண்ணை மூடியது யார், கட்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் பிடித்துச் செல்லப்பட்ட தன் மகனைப் பற்றித் தாய் ஒருவர் கூறியவற்றைத் தாங்கள் அண்மையில் முன்பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். அச்செய்தியின் உள்ளே 'கண்கள் மூடப்பட்ட நிலையில் அவர் அழைத்துச் செல்லப்பட்டார்' என்று இருந்தது. தலைப்பில் இடம் போதாமையால் போலும், அது 'கண்மூடிய நிலையில்' என்று சுருங்கியிருந்தது. இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் நடந்ததை இரண்டுமே சொல்லவில்லை. கண்ணை மூடுவது ஒரு செயல், பொத்துவது வேறொரு செயல், கட்டுவது முற்றிலும் வேறான செயல். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இம்மூன்றையும் மாற்றி எழுதுவதால் சாட்சியம் எவ்வாறு கெடுகிறது என்பதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே இக்கடிதம் சற்று நீண்டுவிட்டாலும் பொறுத்துக்கொண்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

'மூடு' என்னும் வினையை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடுபவர் பெரும்பாலும் கண்ணுக்கு உரியவரே. உறங்குவதற்கு மூடுகிறோம், கும்பிடும்போது மூடுகிறோம், தூசு பறந்தால் மூடுகிறோம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்ற பழமொழியிலும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார் என்ற பேச்சிலும் மூடியவர் தாமாகவே மூடியவர். அவர் விரும்பியிருந்தால் திறந்திருக்கலாம் என்பதனாலேயே அங்கே குறை சொல்ல இடம் உண்டாகிறது. இதற்கு அடுத்தபடியாக அச்சொல்லுக்கு உள்ள பொருள் இறப்பு. 'நான் கண்ணை மூடுறதுக்கு முந்தி அவன்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட வேணும்' என்று நம் ஊர்த் தாய்மார் சொல்வதை நிருபர்கள் அனைவரும் கேட்டிருப்பார்கள். அப்படிச் சொல்லும் ஒரு தாய், தன் மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தாய், காலையில் பத்திரிகையை விரித்ததும் மகனின் படத்துக்கு மேலே 'கண்மூடிய' என்ற சொல்லைக் காண்பது எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தி எழுதியவர் அதை நினைத்திருக்கவே மாட்டார். ஆனால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இதே வினையிலிருந்து பிறந்த இன்னொரு சொல் நம் பத்திரிகைகளில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. 'கண்மூடித்தனமான தாக்குதல்' என்பது அது. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மீது நடந்த குண்டுவீச்சைப் பற்றியும், அதே ஆண்டு செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் பாடசாலையின் மீது நடந்த குண்டுவீச்சைப் பற்றியும் வெளிவரும் நினைவுக் கட்டுரைகளில் இச்சொல்லை மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். கண்மூடித்தனம் என்றால் ஆராயாமல், யோசியாமல் செய்தல் என்று பொருள். ஆராயாமல் செய்தவன் கவனக்குறைவானவன், மூடன். அதற்கு மேல் அச்சொல் அவன்மீது எதையும் சுமத்துவதில்லை. போர்ச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டிருப்பது இதுவன்று. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாவது மேலதிக நெறிமுறை, 51ஆவது உறுப்புரையில், படைத்துறை இலக்குகளையும் குடிமக்களையும் வேறுபடுத்தாமல் தாக்குவதைத் தடைசெய்கிறது. குடிமக்களையே குறிவைப்பதைத் தனியாகத் தடைசெய்கிறது. முதலாவதை 'வேறுபாடு பாராத தாக்குதல்' என்றும், இரண்டாவதைக் 'குடிமக்களை இலக்குவைத்த தாக்குதல்' என்றும் தமிழில் தெளிவாகவே எழுதலாம். எது நடந்தது என்பதை ஆதாரம் சொல்லட்டும். இரண்டுக்கும் பொதுவாகக் 'கண்மூடித்தனமான' என்று எழுதிவிட்டால், மேலே பறந்தவர் கீழே பார்க்கவில்லை என்று நாமே அவருக்காகச் சொல்லிக் கொடுத்ததாக ஆகிறது.

பொத்துவது கையால் செய்யும் செயல். நம் பேச்சில் கண்ணையும் பொத்துவோம், காதையும் பொத்துவோம், வாயையும் பொத்துவோம். பின்னால் வந்து கண்ணைப் பொத்தி 'நான் ஆர் எண்டு சொல்லு பாப்பம்' என்று கேட்கும் விளையாட்டில், பொத்தப்பட்டவர் விரல்களைத் தடவிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். பொத்துபவரும் பொத்தப்படுபவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருப்பதே அதன் இயல்பு. எழுத்துத் தமிழில் இதற்குப் 'புதைத்தல்' என்ற சொல் இருந்தது. கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் நம் கோயில்களில் இன்னும் அற்றுப்போகவில்லை ஆதலால், உமையம்மை விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைப் புதைக்க உலகம் இருண்டதையும், அவர் நெற்றிக்கண்ணால் ஒளி தந்ததையும், அம்மையின் விரல்களில் அரும்பிய வியர்வை கங்கைகளாய்ப் பெருகியதையும் கேட்டவர்கள் பலர் இருப்பர். அகப்பொருளில் தலைவி நாணத்தால் தன் கண்களைக் கையால் மறைப்பது 'நாணிக்கண்புதைத்தல்' என்று ஒரு துறையாகவே வகுக்கப்பட்டது. அந்த ஒரே துறையில் அமிர்தகவிராயர் 400 பாடல்கள் பாடி, இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கி ஒருதுறைக்கோவை ஒன்றைச் செய்திருக்கிறார். கையால் கண்ணை மறைத்தல் என்ற ஒரு சிறு அசைவை நானூறு விதமாகச் சொல்லத் தமிழில் சொல்வளம் இருந்தது என்பதை நான் எப்போதும் பெருமையோடு நினைப்பதுண்டு. புதைத்தல் என்ற சொல் இன்று நிலத்தில் இட்டு மூடுவதற்கே உரியதாகிவிட்டது. புதைகுழிகளைப் பற்றியே அடிக்கடி செய்தி எழுத நேரும் இம்மண்ணில் அச்சொல்லைப் பழைய பொருளில் மீட்டெடுக்க முயல்வது பொருந்தாது. பொத்துதல் இருக்கிறது, அது போதும்.

கட்டுதலுக்கு வருகிறேன். கட்டுவதற்குத் துணி வேண்டும், முடிச்சு வேண்டும், பெரும்பாலும் இன்னொருவர் கை வேண்டும். முடிச்சு பின்மண்டையில் விழுகிறது. கட்டப்பட்டவரின் கைகளும் பிணைக்கப்பட்டிருந்தால் அதை அவரால் அவிழ்க்க முடியாது. ஒருவர் தாமே தம் கண்ணைக் கட்டுவது அரிது. அது நடந்தால் தமிழ் அதைத் துணைவினையால் பிரித்துக் காட்டிவிடும். காந்தாரி, கணவனுக்கு இல்லாத பார்வை தனக்கும் வேண்டாமென்று, கண்ணைக் 'கட்டிக்கொண்டாள்'. அங்கே 'கொண்டாள்' என்பதை எடுத்துவிட்டால் கதையே வேறாகிவிடும். செக்கிழுக்கும் மாட்டுக்கு, வட்டமாகச் சுற்றிச்சுற்றி நடக்கும்போது மருளாமல் இருப்பதற்காக, மனிதன் கண்ணைக் கட்டிவிட்டான். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் பூசகர் தம் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். அதுவும் தாமே விரும்பி ஏற்ற கட்டு. கட்டினான், கட்டிக்கொண்டான், கட்டிவிட்டான், கட்டப்பட்டான் என்ற நான்கும் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்ற வழக்கிலும் கட்டியவர் ஒருவர், விடப்பட்டவர் இன்னொருவர். பார்வையாளர்களின் கண் திறந்திருக்கவே அவர்கள் பார்வையை ஏமாற்றுவதைக் கண்கட்டு வித்தை என்கிறோமே, அங்கும் செய்பவன் வித்தைக்காரன். (இமையில் வரும் கண்கட்டிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கே 'கட்டி' என்பது பெயர்ச்சொல். கொப்புளம் போன்ற வீக்கத்தைக் குறிப்பது. 'கண்கட்டியுடன் காணப்பட்டார்' என்று எழுதினால் வாசகர் வைத்தியசாலையைத்தான் நினைப்பார்.)

மூடுவதற்கும் கட்டுவதற்கும் இடையிலான வேறுபாடு ஒரு வாக்கியத்தின் கருத்தையே தலைகீழாக்கிவிடும் என்பதற்கு நீதிதேவதையின் உருவத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஐரோப்பாவில் அவ்வுருவத்தின் கண்களில் துணி ஏறியது 15ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1494இல் பாசல் நகரில் அச்சான ஒரு நூலிலுள்ள மரச்செதுக்குப் படத்தில், ஒரு கோமாளி பின்னால் நின்று நீதியின் கண்ணைக் கட்டுகிறான். வீண் வழக்காடுவோரைப் பழிப்பதற்காக வரையப்பட்ட படம் அது. 1543இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் நிறுவப்பட்ட நீரூற்றுச் சிலையில் அதே துணி, ஆள் பார்த்துத் தீர்ப்பளிக்காத நடுநிலையின் அடையாளமாகி நிற்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2024 ஒக்டோபரில் திறந்து காட்டப்பட்ட புதிய சிலையில் அந்தக் கட்டு அகற்றப்பட்டு, வாளுக்குப் பதிலாக அரசியலமைப்பு கையில் கொடுக்கப்பட்டது. சட்டம் குருடன்று என்று விளக்கமும் தரப்பட்டது. நம் பத்திரிகைகளில் இதே உருவத்தைப் பற்றி 'கண்கள் மூடப்பட்ட நீதிதேவதை' என்றும் 'நீதிதேவதை கண்ணை மூடிக்கொண்டாள்' என்றும் மாறிமாறி எழுதுகிறார்கள். நீதிதேவதையின் கண் கட்டப்பட்டிருக்கிறது என்றால் அது பாராட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள் என்றால் அது குற்றச்சாட்டு. ஒரு தீர்ப்பைப் பற்றிய ஆசிரியர் தலையங்கத்தில் இவ்விரண்டும் இடம் மாறினால் எழுதியவரின் நிலைப்பாடே மாறிவிடும்.

ஆங்கிலத்திலிருந்து வரும் அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது இச்சிக்கல் கூடுகிறது. 'பிளைண்ட்ஃபோல்ட்' என்ற சொல்லின் பின்பாதியை மடிப்பு என்று பலர் எண்ணுவார்கள். உண்மையில் அது பிற்காலத்தில் ஒலி ஒப்புமையால் வந்து ஒட்டியது. அதன் பழைய வடிவத்துக்குக் கண் தெரியாதபடி அடித்தல் என்பதே பொருள். இன்று அது துணியால் கட்டுவதைக் குறிப்பதால், 'கண்ணைக் கட்டுதல்' என்பதே அதற்குப் பொருத்தமான தமிழ். 'ஹூடிங்' என்று வரும்போது கண்ணை மட்டுமல்லாமல் தலை முழுவதையும் பையாலோ சாக்காலோ மூடுவதைச் சொல்கிறார்கள். 1971இல் வட அயர்லாந்தில் விசாரணைக் கைதிகள்மீது பயன்படுத்தப்பட்ட ஐந்து முறைகளில் இதுவும் ஒன்று. 1978 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவ்வைந்தையும் மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்மானித்தது. இதை 'முகமூடி அணிவித்தல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாசகருக்கு அது நேர்மாறான படத்தையே மனத்தில் எழுப்பும். 1987 முதல் 1990 வரை இந்திய இராணுவம் இங்கிருந்த காலத்திலும், பின்னர் 1995இன் இறுதியில் குடாநாடு இலங்கை இராணுவத்தின் வசமான பின்பும், சுற்றிவளைப்புகளில் ஊரவரை வரிசையாக நடக்கவிட்டு ஆள் காட்டுவதற்கு முகமூடி போட்ட ஒருவரை இருத்தியிருப்பார்கள். தலையாட்டி என்று அவரை அழைத்தோம். அவருடைய முகம்தான் மறைக்கப்பட்டிருந்தது; கண்கள் இரண்டும் துளைகளின் வழியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தலையை ஆட்டினால், ஆட்டப்பட்டவரின் கண்ணை வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் கட்டினார்கள். பார்ப்பவர் யார், பார்க்க முடியாதபடி ஆக்கப்பட்டவர் யார் என்பது முகமூடிக்கும் கண்கட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு. அதை வாழ்ந்து அறிந்த சமூகத்தின் பத்திரிகை, இரண்டையும் ஒரே சொல்லால் எழுதலாகாது.

சத்தியக்கடதாசிகள், அதாவது சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலங்கள், எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மனுதாரர் தம் பேச்சுத் தமிழில் சொல்வார். எழுதுபவர் அதை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சுச் செய்து, திரும்ப வாசித்துக் காட்டி, சரியென்றால் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெறுவார். அவ்வாறு வாசித்துக் காட்டப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தில் நான் அருகில் இருந்தேன். 'எனது மகனின் கண்கள் மூடப்பட்டு' என்ற இடம் வந்ததும், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா கையை நீட்டி நிறுத்தினார். 'மூடேல்லைத் தம்பி, கட்டினவங்கள். கொடியில காய்ஞ்ச அவன்ரை சாரத்தைக் கிழிச்சுத்தான் கட்டினவங்கள். மிச்சத் துண்டு என்னட்டை இருக்கு' என்றார். எழுதியவர் தாளை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதிய தாளை வைத்தார். அந்த ஒரு திருத்தத்தோடு எத்தனை செய்திகள் வந்து சேர்ந்தன என்று பாருங்கள். கட்டியவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். கட்டியது வீட்டு முற்றத்தில், தாயின் கண்ணெதிரில். துணி அவர்கள் கொண்டுவந்தது அல்ல. ஆகவே அது முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு வந்த வேலையாக இல்லாமலும் இருக்கலாம். துணியின் எஞ்சிய பாதி ஒரு தடயப்பொருளாக இன்றும் இருக்கிறது. 'மூடப்பட்டு' என்று நின்றிருந்தால் இவற்றில் ஒன்றும் கடதாசியில் ஏறியிராது.

குறுக்கு விசாரணையிலும் இச்சொல் வந்து நிற்கும். தப்பியோ விடுவிக்கப்பட்டோ திரும்பி வந்த ஒருவர், தான் கொண்டுசெல்லப்பட்ட இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'கண் மூடியிருந்தால் எப்படிப் பார்த்தீர்?' என்ற கேள்வி எழும். துணியின் கீழ் விளிம்பில் மூக்கருகே இருந்த இடைவெளியால் தரையையும் சப்பாத்துகளையும் பார்த்தேன் என்று அவர் சொல்வார். கட்டு என்று முதலிலேயே எழுதப்பட்டிருந்தால் அந்தப் பதில் இயல்பாக ஏற்கப்படும். மூடியிருந்தது என்று எழுதப்பட்டிருந்தால் முரண்பாடாகத் தோன்றும். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் ஐக்கிய நாடுகளிடம் கையளிக்கப்பட்டு, 2022இல் திருத்திய பதிப்பும் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர் விவரங்களை ஒழுங்காக நினைவுகூர முடியாமைக்குரிய காரணங்களில் கண்கட்டப்பட்டிருந்தமையையும் ஒன்றாக அது குறிப்பிடுகிறது. 1988 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, தடுத்துவைக்கப்பட்டோரின் பாதுகாப்புக்கான கோட்பாடுகளில் ஆறாவதற்குரிய குறிப்பு இன்னும் வெளிப்படையானது. தடுத்துவைக்கப்பட்டவரின் பார்வை, கேள்வி முதலிய புலன்களைத் தற்காலிகமாகவேனும் பயன்படுத்த முடியாமல் செய்யும் நிலையில் அவரை வைத்திருப்பதும், கொடூரமான, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்தை என்பதற்குள் அடங்கும் என்கிறது அது. அதாவது, கண்ணைக் கட்டுதல் ஒரு பெருங்குற்றத்தின் ஓரத்தில் நிற்கும் சிறு விவரம் அல்ல; தானே ஒரு கொடுமை. சித்திரவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. அவ்வாறிருக்க, செய்தியில் அச்செயலுக்குரிய சரியான வினைச்சொல்லையே இழந்துவிடுவது எவருக்கு உதவும்?

அந்தச் செய்தியின் மற்றொரு வினையான 'அழைத்துச் செல்லப்பட்டார்' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினரை அழைத்துச் செல்வோம், நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். கண்ணைக் கட்டி ஏற்றியவரைக் கொண்டுசென்றார்கள். மக்கள் சொல்வதும் 'கொண்டு போனவங்கள்' என்றுதான்.

செயப்பாட்டுவினை பிறர் செய்ததைக் காட்டத்தானே செய்கிறது, 'மூடப்பட்ட' என்றாலும் வேறொருவர் மூடியதாகத்தானே பொருள் என்று சிலர் கேட்கலாம். வேறொருவர் என்பது தெரியும். கையாலா, துணியாலா, சாக்காலா என்பது தெரியாது. இறந்தவரின் இமைகளும் மூடப்படுவது உண்டு. பழந்தமிழ் அடியார் ஒருவர் இறைவனிடமே இதை எவ்வளவு தெளிவாகக் கேட்டார் என்பதைத் தேவாரம் ஓதுவோர் அறிவர். கண்பார்வை இழந்த சுந்தரர் திருவெண்பாக்கத்தில் பாடும்போது 'படலம் என்கண் மறைப்பித்தாய்' என்கிறார். மறைத்தது படலம்; மறைப்பித்தவன் நீ. மறைத்த பொருளையும் மறைக்கச் செய்தவரையும் ஒரே அடியில், கடவுள் என்றும் பாராமல், பெயர் சுட்டி நிறுத்துகிறது அந்தப் பிறவினை. என் கண் மறைக்கப்பட்டது என்று பாடியிருந்தால் அது வெறும் புலம்பலாக நின்றிருக்கும். முன்னிலையில் நிறுத்தி 'மறைப்பித்தாய்' என்றதால் அது முறைப்பாடாகிறது.

வினைச்சொல்லைத் திருத்துவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணுவோருக்கு நம் கண்முன்னே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். முன்னர் நம் பத்திரிகைகள் 'காணாமல் போனோர்' என்றே எழுதிவந்தன. போனவர்கள் தாமாகப் போகவில்லை, 'ஆக்கப்பட்டார்கள்' என்று தாய்மார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், பதாகைகளில் எழுதினார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்திலும், அதைத் தொடர்ந்து மற்ற மாவட்டங்களில் எழுந்த போராட்டங்களிலும் அவர்கள் ஏந்தி நின்ற சொல் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே. இன்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் அதை மாற்றி எழுதத் துணியாது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன' என்ற சொல்லே இருக்கிறது. ஆயினும் மக்கள் வழக்கு அதற்கு அடங்கவில்லை. படித்தவர்கள் கூடி ஆக்கிய கலைச்சொல் அல்ல அது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வினையைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். பத்திரிகைகள் அதைப் பின்பற்றின. 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் இடையில் என்ன தூரமோ, 'கண்மூடிய' என்பதற்கும் 'கண் கட்டப்பட்ட' என்பதற்கும் இடையில் அதே தூரம் இருக்கிறது.

செய்தியாசிரியர்களுக்கு உள்ள இடர்ப்பாட்டையும் நான் அறியாமல் இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது செய்தவர் இன்னார் என்று எழுத முடியாது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்ற இரண்டையும் எண்ணியே அவர்கள் பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்காக எழுவாயே இல்லாத வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 'வீட்டுக்கு வந்தவர்கள் தன் மகனின் கண்களைச் சாரத்துண்டால் கட்டிக் கொண்டுசென்றதாகத் தாய் கூறினார்' என்று எழுதினால் எவர்மீதும் தீர்ப்பு எழுதியதாகாது. சொன்னவர் தாய், சொல்லப்பட்டது அவர் கண்டது. இவ்வாக்கியம் தாங்கள் வெளியிட்டதைவிடச் சற்று நீளமானது என்பது உண்மையே. அந்த நீளத்துக்கு முன்பக்கத்தில் இடம் தரலாம்.

இறுதியாக ஒரு சிறு வழக்கையும் சுட்ட விரும்புகிறேன். வேறு எதையும் பாராமல் ஒரே வழியில் செல்பவரைக் 'கடிவாளம் கட்டிய குதிரை' என்று பத்தி எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். கடிவாளம் குதிரையின் வாயில் இடப்படுவது. பார்வையை மறைப்பது கண்ணின் இருபுறமும் கட்டும் கண்பட்டை. கருதியது கண்பட்டையாயின் அதையே எழுதலாம்.

என் வேண்டுகோள் இதுதான். சாட்சி சொல்பவர் கட்டினார்கள் என்று சொன்னால் 'கட்டினார்கள்' என்றும், பொத்தினார்கள் என்றால் 'பொத்தினார்கள்' என்றும், சாக்கால் தலையை மூடினார்கள் என்றால் அவ்வாறே என்றும், அவர் வாயிலிருந்து வந்த வினையைச் செய்தி மேசையில் மாற்றாமல் விடுங்கள். எழுத்துத் தமிழுக்கு ஏற்ப விகுதியைத் திருத்தலாம், வினையடியைத் தொடக்கூடாது. என்ன துணி, யாருடைய துணி, எந்த இடத்தில் வைத்துக் கட்டினார்கள், எப்போது அவிழ்த்தார்கள் என்று நிருபர்கள் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. இவை பின்னொரு நாள் ஒரு விசாரணையாளரின் கையில் பயன்படக்கூடிய விவரங்கள். பழைய பத்திரிகைத் தாள்கள் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். 'கண்மூடித்தனமான' என்ற அடைமொழியைத் தாக்குதல்களோடு சேர்த்து எழுதுவதை நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேலே குறிப்பிட்ட முன்பக்கச் செய்தியை எழுதிய நிருபர் தம் குறிப்பேட்டைப் பார்த்து, அந்தத் தாய் உண்மையில் சொன்ன சொல் எது என்பதை உறுதிசெய்து, வேறுபட்டிருந்தால் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.